வாளின் எல்லையை அறிந்த தளபதி
சாஹிப்சாதா யாகூப் கான்: படைமுகாமிலிருந்து தூதரகம் வரை

கட்டளையிட்டுப் பழகியவர் படைத்தளபதி. கட்டளைக்குக் கீழ்ப்படிந்து பழகியவரும் அவரே. இவ்விரண்டினால் ஆனதுதான் இராணுவ வாழ்க்கை. முப்பது ஆண்டுகள் அவ்வாறு வாழ்ந்து, படையின் உச்சப் படிகளில் ஒன்றில் நிற்கும் ஒருவர், "இந்தக் கட்டளையை நிறைவேற்ற என்னால் இயலாது" என்று ஒருநாள் எழுதிக் கொடுத்துவிட்டு வெளியேறினால், அவருக்கு என்ன எஞ்சும்? பதவி போகும், புகழ் போகும், கோழை என்ற பழிச்சொல்லும் வந்து சேரும். இத்தனையையும் அறிந்தே அவ்வாறு எழுதிக் கொடுத்தவர் லெப்டினென்ட் ஜெனரல் சாஹிப்சாதா யாகூப் கான். பின்னாளில் பாரிஸ், வாஷிங்டன், மாஸ்கோ ஆகிய மூன்று தலைநகரங்களில் தம் நாட்டின் தூதராகவும், நெடுங்காலம் வெளியுறவு அமைச்சராகவும் விளங்கிய அப்பெருமகனாரின் வரலாறு, வெற்றிகளை மட்டும் அடுக்கிச் சொல்லத்தக்க வரலாறன்று. ஆயினும் நம் பிள்ளைகள் அறிந்திருக்க வேண்டிய வரலாறு.

ராம்பூர் அரண்மனைப் பிள்ளை

இன்றைய உத்தரப் பிரதேசத்தில் உள்ள ராம்பூர், அன்று நவாபின் ஆட்சியில் இருந்த ஒரு சமஸ்தானம். அந்த நவாபுக் குடும்பத்தில் 1920ஆம் ஆண்டு டிசம்பர் 23ஆம் நாள் யாகூப் கான் பிறந்தார். 'சாஹிப்சாதா' என்பது அத்தகைய குடும்பங்களின் ஆண்மக்களுக்கு வழங்கிய மரபுப் பட்டமாகும். தந்தையார் சர் அப்துஸ் ஸமத் கான், சமஸ்தான நிர்வாகத்தில் உயர் பொறுப்பு வகித்தவர். அந்நாளைய சர்வதேச சங்கத்திற்கு இந்தியாவின் பிரதிநிதியாகச் சென்று வந்தவர். அரசியலும் அயல்நாட்டுச் செய்திகளும் அந்த வீட்டில் அன்றாடப் பேச்சாக இருந்தன.

டேராடூனில் இருந்த இராணுவக் கல்லூரியில் பயின்ற யாகூப் கான், 1940இல் 18ஆம் குதிரைப்படைப் பிரிவில் அதிகாரியானார். பெயர்தான் குதிரைப்படை, குதிரைகளின் இடத்தை இயந்திர ஊர்திகள் பிடித்துக் கொண்டிருந்த காலம் அது. இரண்டாம் உலகப் போர் மூண்டிருந்தது. அவருடைய பிரிவு வட ஆப்பிரிக்காவின் பாலைவனத்துக்கு அனுப்பப்பட்டது. 1942இல் ஜெர்மானியத் தளபதி ரோமலின் படைகள் நடத்திய பெருந்தாக்குதலில் யாகூப் கான் எதிரிகளிடம் பிடிபட்டார். அப்போது அவருக்கு வயது 21.

சிறையில் கற்ற பாடம்

கைதிகளாகப் பிடிபட்ட இந்திய அதிகாரிகள் இத்தாலிக்குக் கொண்டு செல்லப்பட்டனர். முள்வேலிக்குள் அன்று அடைபட்டிருந்தோர் எவரெவர் என்று பின்னோக்கிப் பார்த்தால் வியப்பு மேலிடுகிறது. பிற்காலத்தில் பாகிஸ்தானின் அதிபரான யஹ்யா கான் அவர்களில் ஒருவர். 1966 முதல் 1969 வரை இந்தியத் தரைப்படையின் தலைமைத் தளபதியாக விளங்கிய ஜெனரல் பி.பி. குமாரமங்கலம் மற்றொருவர். இவர் சென்னை மாகாணத்தின் முதலமைச்சராக இருந்த டாக்டர் ப. சுப்பராயனின் மகன்; நம் தமிழ் மண்ணின் மைந்தர். பின்னர் எதிரெதிர் நாடுகளின் படைகளில் நின்றவர்கள், அன்று ஒரே எதிரியின் கைதிகளாக இருந்தனர்.

சிறைவாழ்க்கை சிலரைச் சோர்வடையச் செய்யும். யாகூப் கானோ அந்த நாட்களை மொழிகள் கற்பதற்குப் பயன்படுத்திக் கொண்டார். அங்கே தொடங்கிய ஆர்வம் வாழ்நாள் முழுதும் நிலைத்தது. உருது, ஆங்கிலத்துடன் இத்தாலியம், ஜெர்மன், பிரெஞ்சு, ருஷியம் ஆகியவற்றிலும் அவர் புலமை பெற்றார். ஓர் இனத்தாரின் மனத்தை அவர்தம் மொழியின் வழியாகவே அறிய இயலும் என்பதை அவர் நடைமுறையில் கடைப்பிடித்தார். இதனை ஈண்டுக் குறிப்பிடக் காரணம் உண்டு. பின்னாளில் அவருடைய வாழ்வைத் திருப்பிய நிகழ்ச்சியில், இவ்வாறு கற்றுக் கொண்ட இன்னொரு மொழிக்கும் பங்கிருந்தது.

பிரிந்த படை, பிரிந்த குடும்பம்

போர் முடிந்து தாயகம் திரும்பிய அவர், டில்லியில் வைசிராயின் மெய்க்காவற்படையில் அமர்த்தப்பட்டார். 1947இல் நாடு பிரிந்தது. நிலம் மட்டுமா பிரிந்தது? அலுவலக நாற்காலி, நூலகத்துப் புத்தகம், படைப்பிரிவின் பொருள்கள் என யாவும் பங்கு போடப்பட்டன. வைசிராயின் பொன்முலாம் பூசிய குதிரை வண்டி எந்த நாட்டுக்கு என்ற கேள்வி எழுந்தபோது, இந்தியத் தரப்பில் தாக்கூர் கோவிந்த் சிங்கும் பாகிஸ்தான் தரப்பில் யாகூப் கானும் நாணயம் சுண்டி முடிவு செய்தனர் என்றும், வண்டி இந்தியாவின் பங்கில் வந்தது என்றும் ஒரு செய்தி இன்றளவும் வழங்கி வருகிறது. 2024ஆம் ஆண்டு குடியரசு தின விழாவில் இந்தியக் குடியரசுத் தலைவர் பவனி வந்தது அந்த வண்டியில்தான்.

யாகூப் கான் பாகிஸ்தானைத் தேர்ந்தெடுத்தார். அதன் முதல் கவர்னர் ஜெனரல் முகம்மது அலி ஜின்னாவின் மெய்க்காவற்படைக்குத் தலைமை ஏற்றார். அவருடைய உடன்பிறந்தார் யூனுஸ் கான் இந்தியப் படையிலேயே தங்கினார். ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் இரு நாட்டுச் சீருடைகளை அணிந்தனர். பிரிவினை எத்தனையோ குடும்பங்களுக்குத் தந்த வேதனையில் ராம்பூர் அரண்மனைக்கும் பங்கு கிடைத்தது.

புதிய நாட்டில் அவர் படிப்படியாக உயர்ந்தார். குவெட்டாவில் உள்ள படை அதிகாரிகள் கல்லூரியின் தலைவர், டாங்கிப் படைப்பிரிவின் தளபதி, படைத் தலைமையகத்தில் தலைமை அலுவலர் எனப் பல பொறுப்புகள் அவரைத் தேடி வந்தன. களத்தில் வீரர் என்பதைக் காட்டிலும் சிந்தனையாளர் என்றே சக அதிகாரிகளிடையே அவர் பெயர் பெற்றிருந்தார்.

டாக்காவில் ஒரு தளபதி

1969இல் யஹ்யா கான் பாகிஸ்தானின் ஆட்சிப் பொறுப்பை ஏற்று இராணுவச் சட்டத்தைப் பிறப்பித்தார். அவ்வாண்டிலேயே கிழக்குப் பாகிஸ்தானின் படைத் தளபதியாக யாகூப் கான் டாக்காவுக்கு அனுப்பப்பட்டார். மேற்கே பஞ்சாப், சிந்து, கிழக்கே வங்காளம், இடையே ஏறத்தாழ 1,600 கிலோமீட்டர் தூரத்துக்கு இந்திய மண். மக்கள்தொகையில் கிழக்கு பெரிது; படையிலும் ஆட்சியிலும் மேற்கின் கையே ஓங்கியிருந்தது. தம் மொழிக்கு உரிய இடம் வேண்டுமென்று 1952இலேயே டாக்கா மாணவர்கள் துப்பாக்கிக் குண்டுக்கு மார்பு காட்டியிருந்தனர்.

டாக்காவுக்கு வந்த யாகூப் கான் வங்காள மொழியைக் கற்கத் தொடங்கினார். மேற்கிலிருந்து வந்த உயர் அதிகாரிகளிடம் அரிதாகவே காணப்பட்ட செயல் இது. தெருவில் மக்கள் பேசுவது என்ன, செய்தித்தாள்கள் எழுதுவது என்ன என்பதை மொழிபெயர்ப்பாளரின் துணையின்றி அறிந்துகொள்ள அவர் விரும்பினார்.

1970 நவம்பரில் வங்கக் கடலில் எழுந்த பெரும்புயல் சில இலட்சம் உயிர்களைக் குடித்தது. நிவாரணம் தாமதமானது என்ற கசப்பு மக்கள் மனத்தில் ஆழப் பதிந்தது. அடுத்த மாதமே, டிசம்பர் 7ஆம் நாள், பொதுத் தேர்தல். கிழக்கில் இருந்த 162 பொதுத் தொகுதிகளில் 160 தொகுதிகளை ஷேக் முஜீபுர் ரஹ்மானின் அவாமி லீக் வென்றது. பெண்களுக்கான இடங்களையும் சேர்த்து 313 உறுப்பினர் கொண்ட அவையில் 167 இடங்கள் அக்கட்சிக்கு. மக்கள் தீர்ப்பு ஐயத்துக்கு இடமின்றி இருந்தது. அதை ஏற்கும் மனம்தான் ராவல்பிண்டியில் இல்லை.

இவ்விடத்தில் ஓர் உண்மையை மறைக்காமல் சொல்லியாக வேண்டும். நிலைமை கைமீறினால் படைபலத்தால் அடக்குவதற்கு 'ஆப்பரேஷன் பிளிட்ஸ்' என்ற பெயரில் ஒரு திட்டம் டாக்காவில் ஆயத்தமாக இருந்தது. அது யாகூப் கானின் தலைமையிலேயே வகுக்கப்பட்டது. ஆகவே அவரைத் தொடக்கமுதலே அகிம்சை பேசிய துறவியாகச் சித்திரிப்பது வரலாற்றுக்குச் செய்யும் அநீதியாகும். திட்டத்தைக் கையில் வைத்திருந்தவர், அதைச் செயல்படுத்தும் வேளை நெருங்கியபோது, அதன் விளைவை எண்ணிப் பார்த்து நின்றுவிட்டார் என்பதே செய்தி.

மார்ச் மாதத்து ஐந்து நாட்கள்

1971 மார்ச் 3ஆம் நாள் டாக்காவில் தேசிய அவை கூடவேண்டும். அதைத் தள்ளிவைக்க வேண்டாம் என்று ஆளுநர் அட்மிரல் அஹ்ஸானும் தளபதி யாகூப் கானும் அதிபரிடம் எவ்வளவோ எடுத்துரைத்தனர். பயனில்லை. மார்ச் 1ஆம் நாள் அவை ஒத்திவைக்கப்பட்டதாக வானொலி அறிவித்தது. டாக்கா கொந்தளித்தது. அலுவலகங்கள் காலியாயின, கல்லூரி மாணவர்கள் வீதிக்கு வந்தனர். அன்றே அஹ்ஸான் பதவியிலிருந்து நீங்கினார். ஆளுநர் பொறுப்பும் யாகூப் கானின் தோள்மீது விழுந்தது.

ஊரடங்குச் சட்டம் பிறப்பிக்கப்பட்டது. மக்கள் அதை மீறினர். துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் பலியாயின. இன்னும் சில நாட்கள் இவ்வாறு நீடித்தால், ஊரடங்கைக் காப்பது என்பது ஒரு முழு மக்கள் கூட்டத்தின் மீது போர் தொடுப்பதாகவே முடியும் என்பதை யாகூப் கான் உணர்ந்தார். படையினரைப் பாசறைக்குத் திரும்பச் செய்தார். அதிபர் உடனே டாக்காவுக்கு வந்து ஷேக் முஜீபுடன் பேசவேண்டும் என்று வற்புறுத்தினார். வருவதாக இருந்த அதிபர் வரவில்லை.

மார்ச் 5ஆம் நாள் யாகூப் கான் தம் பதவி விலகலைத் தந்தி மூலம் அனுப்பினார். இது அரசியல் சிக்கல். இதற்குத் தீர்வும் அரசியலில்தான் உண்டு. படையை ஏவினால் பெருமளவில் ஆயுதமற்ற குடிமக்கள் கொல்லப்படுவர். அத்தகைய பணியை ஏற்க என்னால் இயலாது என்பதே அதன் சாரம். கடிதம் எழுதப்பட்டது தம்முடன் ஒரே போரில் கைதியாக வாடிய பழைய தோழருக்கு. தோழர் மனம் இளகவில்லை. யாகூப் கானின் இடத்துக்கு டிக்கா கான் அனுப்பப்பட்டார்.

பின்னர் நடந்தவற்றை உலகம் அறியும். மார்ச் 25ஆம் நாள் இரவு டாக்காவில் படை ஏவப்பட்டது. பல்கலைக்கழக விடுதிகளும் குடியிருப்புகளும் தாக்கப்பட்டன. ஏறத்தாழ ஒரு கோடி மக்கள் இந்தியாவுக்குள் அகதிகளாக வந்தனர். கொல்லப்பட்டோரின் எண்ணிக்கை குறித்து இன்றும் வாதம் ஓயவில்லை. எந்தக் கணக்கை எடுத்துக்கொண்டாலும் நெஞ்சு நடுங்கும். டிசம்பர் 16ஆம் நாள் பாகிஸ்தான் படை டாக்காவில் சரணடைந்தது. சுமார் 93,000 பேர் கைதிகளாயினர். பங்களாதேஷ் பிறந்தது. படைபலம் எதைக் காப்பதற்காக ஏவப்பட்டதோ, அதையே ஒன்பது மாதங்களில் இழந்து நின்றது.

யாகூப் கானின் விலகல் இந்தப் பேரழிவைத் தடுத்துவிடவில்லை. அவர் போனார், இன்னொருவர் வந்தார், வேலை நடந்தது. அப்படியானால் அந்த விலகலால் என்ன பயன் என்று சிலர் கேட்பதுண்டு. நெருக்கடியில் நழுவிவிட்டார் என்று அவருடைய படைத் தோழர்களிலேயே சிலர் பழித்தனர். ஆனால் எல்லாரும் கட்டளையை நிறைவேற்றினோம் என்று பின்னாளில் கூறிக்கொண்ட இடத்தில், மறுக்கவும் முடியும் என்று ஒருவர் காட்டியிருந்தார். "எங்களுக்கு வேறு வழியே இருக்கவில்லை" என்ற வாதத்தை அந்த ஒரு தந்தி செல்லாததாக்கிவிட்டது.

தூதுவராகப் புது வாழ்வு

படையிலிருந்து விலகி வீட்டில் இருந்தவரை, போருக்குப் பின் ஆட்சிக்கு வந்த சுல்பிகர் அலி பூட்டோ அழைத்தார். 1972இல் பிரான்சுக்குத் தூதராக அனுப்பினார். 1973 இறுதியில் அமெரிக்காவுக்கு. சிறையில் தொடங்கிய மொழிப் பயிற்சி இப்போது நாட்டின் உடைமையாயிற்று.

வாஷிங்டனில் அவர் இருந்தபோது நிகழ்ந்த ஒரு நிகழ்ச்சி சிறப்பாகக் குறிப்பிடத்தக்கது. 1977 மார்ச் 9ஆம் நாள், ஹமாஸ் அப்துல் காலிஸ் என்பவரின் தலைமையில் ஆயுதம் ஏந்திய 12 பேர் அந்நகரில் மூன்று கட்டடங்களைக் கைப்பற்றினர். ஒன்று யூத அமைப்பின் தலைமையகம். மற்றொன்று இஸ்லாமிய மையம். மூன்றாவது நகர ஆட்சி மாளிகை. ஏறத்தாழ 150 பேர் பிணைக்கைதிகளாயினர். இளம் வானொலி நிருபர் ஒருவர் சுட்டுக் கொல்லப்பட்டார். காலிஸின் குழந்தைகள் உள்ளிட்ட குடும்பத்தினர் சிலர் நான்கு ஆண்டுகளுக்கு முன் எதிர்க் குழுவினரால் கொடூரமாகக் கொல்லப்பட்டிருந்தனர். கொலையாளிகளைத் தம்மிடம் ஒப்படைக்கவேண்டும் என்பது அவருடைய கோரிக்கை. நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் வரலாறு பற்றிய திரைப்படம் ஒன்றைத் திரையிடக் கூடாது என்றும் அவர் கோரினார்.

காவற்படையினர் கட்டடங்களைச் சூழ்ந்து நின்றனர். உள்ளே பாய்ந்தால் எத்தனை பிணங்கள் விழும் என்று எவராலும் சொல்ல இயலவில்லை. அப்போது மூன்று முஸ்லிம் நாடுகளின் தூதர்கள் முன்வந்தனர். எகிப்தின் அஷ்ரப் குர்பால், ஈரானின் அர்தஷீர் ஸாஹிதி, பாகிஸ்தானின் யாகூப் கான். முதலில் தொலைபேசியில் பேசினர். பின்னர், மறுநாள் இரவு, ஆயுதமின்றி அந்தக் கட்டடத்துக்குள் சென்று காலிஸுடன் ஒரே மேசையில் அமர்ந்தனர். திருக்குர்ஆனிலிருந்து கருணையையும் மன்னிப்பையும் பற்றிய வசனங்களை ஓதி, அவற்றின் பொருளைப் பேசினர். மகவை இழந்த தந்தையின் துயரத்துக்கும் செவி கொடுத்தனர். மணிக்கணக்கில் நீடித்த அப்பேச்சின் முடிவில், 11ஆம் நாள் விடியுமுன் பிணைக்கைதிகள் அனைவரும் விடுவிக்கப்பட்டனர்.

அன்று உயிர் பிழைத்தோரில் பலர் யூதர்கள் என்பதையும், அவர்களுக்காக உயிரைப் பணயம் வைத்துச் சென்ற மூவரும் முஸ்லிம்கள் என்பதையும் நாம் நினைவில் கொள்ளவேண்டும். டாக்காவில் எந்தப் பாடத்தை அதிபர் ஏற்க மறுத்தாரோ, அதே பாடத்தை வாஷிங்டனில் ஆறே ஆண்டுகளில் யாகூப் கான் மெய்ப்பித்துக் காட்டினார்.

ஜெனீவாவின் இரு அறைகள்

1979இல் அவர் மாஸ்கோவுக்குத் தூதரானார். அவ்வாண்டு டிசம்பரில் சோவியத் படைகள் ஆப்கானிஸ்தானுக்குள் நுழைந்தன. முப்பது இலட்சம் அளவுக்கு ஆப்கானிய அகதிகள் பாகிஸ்தானில் தஞ்சம் புகுந்தனர். 1982 மார்ச்சில் ஜெனரல் ஜியாவுல் ஹக்கின் ஆட்சியில் யாகூப் கான் வெளியுறவு அமைச்சராகப் பொறுப்பேற்றார். அவ்வாண்டு ஜூன் மாதம் ஜெனீவாவில் பேச்சுவார்த்தை தொடங்கியது.

அது விசித்திரமான பேச்சுவார்த்தை. காபூல் அரசைப் பாகிஸ்தான் அங்கீகரிக்கவில்லை. எனவே இரு தரப்பாரும் நேருக்கு நேர் அமரவில்லை. தனித்தனி அறைகளில் இருந்தனர். ஐக்கிய நாடுகள் சபையின் பிரதிநிதி டீகோ கோர்டோவெஸ் இங்கும் அங்கும் நடந்து செய்தி சுமந்தார். ஒரு சொல்லுக்காக வாரங்கள் கழிந்தன. சோவியத் படை எத்தனை மாதங்களில் வெளியேறுவது என்ற ஒரே வினாவில் ஆண்டுகள் கழிந்தன. யாகூப் கான் சலிப்படையவில்லை. ருஷிய மொழியும் மாஸ்கோவின் மனப்போக்கும் அவர் அறிந்தவை.

1988 ஏப்ரல் 14ஆம் நாள் உடன்படிக்கை கையெழுத்தானது. கையெழுத்திட்ட பேனா யாகூப் கானின் கையில் இல்லை; 1987 நவம்பரிலேயே அவர் அமைச்சர் பதவியை விட்டு விலகியிருந்தார். ஐந்தாண்டுகள் அவர் உழுத நிலத்தில் அறுவடை செய்தவர் வேறொருவர். 1989 பிப்ரவரி 15ஆம் நாள் கடைசி சோவியத் படைப்பிரிவு ஆப்கானிஸ்தானை விட்டு வெளியேறியது. ஆனால் ஆப்கானியருக்குள்ளே ஆட்சி யாருக்கு என்ற வினாவை உடன்படிக்கை தீர்க்கவில்லை. அந்நாட்டில் போரும் ஓயவில்லை. மேசையில் எழுதப்படும் அமைதி மண்ணில் வேரூன்றுவதற்கு இன்னும் பல வேண்டும் என்பதற்கு அது சான்றாயிற்று.

டில்லியில் ஒரு சந்திப்பு

1988 ஜூனில் மீண்டும் வெளியுறவு அமைச்சரான அவர், ஜியாவின் மறைவுக்குப் பின் அமைந்த பேநசீர் பூட்டோவின் ஆட்சியிலும் அப்பதவியில் தொடர்ந்தார். 1990 ஜனவரியில் காஷ்மீர் நிலைமை கொதித்துக் கொண்டிருந்த வேளையில் அவர் டில்லிக்கு வந்தார். எதிரே அமர்ந்தவர் இந்திய வெளியுறவு அமைச்சர் இந்தர் குமார் குஜ்ரால். பாகிஸ்தானுக்காகப் பேசியவர் இந்தியாவின் ராம்பூரில் பிறந்தவர். இந்தியாவுக்காகப் பேசியவர் பாகிஸ்தானுக்குள் சென்றுவிட்ட ஜீலத்தில் பிறந்தவர். இருவரும் உருதுக் கவிதைகளில் தோய்ந்த தலைமுறையினர். ஆயினும் அச்சந்திப்பு இனிமையாக அமையவில்லை. விருந்தினரின் சொற்களில் எச்சரிக்கை தொனித்ததாகவே குஜ்ரால் கருதினார். தம் நாட்டின் நிலைப்பாட்டைக் கடுமையாகவே எடுத்துரைக்க யாகூப் கான் தயங்கியதில்லை. மென்மையான பேச்சு வேறு, விட்டுக்கொடுத்தல் வேறு என்பது தூதுவர் தொழிலின் அரிச்சுவடி.

1992இல் ஐக்கிய நாடுகள் சபை அவரை மேற்கு சஹாராவுக்கான சிறப்புப் பிரதிநிதியாக அமர்த்தியது. மொராக்கோவுக்கும் போலிசாரியோ இயக்கத்துக்கும் இடையே, பொது வாக்கெடுப்பில் எவர் வாக்களிக்கலாம் என்ற சிக்கலில் அப்பணி சிக்குண்டது. அந்த வாக்கெடுப்பு இன்றுவரை நடைபெறவில்லை. 1996 நவம்பர் முதல் 1997 பிப்ரவரி வரை இடைக்கால ஆட்சியில் மூன்றாம் முறையாக அவர் வெளியுறவு அமைச்சரானார். கராச்சியில் 1983இல் நிறுவப்பட்ட ஆகா கான் பல்கலைக்கழகத்தின் அறங்காவலர் குழுவுக்கு 2001 வரை தலைமை தாங்கி, மருத்துவக் கல்விக்கும் தொண்டாற்றினார். 2016 ஜனவரி 26ஆம் நாள் இஸ்லாமாபாதில், 95ஆம் வயதில் வஃபாத்தானார்.

நாம் கொள்ளவேண்டிய பாடம்

மர்ஹூம் யாகூப் கான் குறையற்றவரல்லர். மக்கள் தீர்ப்பை மதிக்கவேண்டும் என்பதற்காக ஒரு இராணுவ ஆட்சியை விட்டு விலகியவர், பின்னர் மற்றொரு இராணுவ ஆட்சியில் அமைச்சராக அமர்ந்தார். டாக்காவில் தாம் கண்டவற்றை நாட்டு மக்களின் முன் உரக்கச் சொல்வதற்கும் அவர் முன்வரவில்லை. இக்கேள்விகளை ஆய்வாளர்கள் எழுப்பத்தான் செய்வார்கள், எழுப்பவும் வேண்டும்.

ஆனால் நம் இல்லங்களில் வளரும் பிள்ளைகள் நாளை காவல்துறையிலோ, படையிலோ, அரசு அலுவலகத்திலோ, தனியார் நிறுவனத்திலோ பணியேற்கப் போகிறவர்கள். மேலதிகாரியின் கட்டளையும் தம் மனச்சான்றும் மோதும் நாள் அவர்களில் எவருக்கும் வரலாம். அந்நாளில் மறுத்துவிட்டால் வாழ்வே முடிந்துவிடும் என்ற அச்சம் அவர்களைப் பற்றும். டாக்காவிலிருந்து தந்தி அனுப்பியபோது யாகூப் கானுக்கு வயது 50. அதற்குப் பின் ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் அவர் பணியாற்றினார். நூற்றுக்கு மேற்பட்ட உயிர்கள் பிழைத்த பேச்சில் பங்கேற்றார். உத்தியோகத்துக்குப் புறப்படும் பிள்ளைக்குப் பெற்றோர் எத்தனையோ புத்திமதிகள் சொல்லி அனுப்புகிறார்கள். அவற்றோடு இந்தத் தளபதியின் கதையையும் ஒருமுறை சொல்லி அனுப்புவது நலம்.